மன்னிக்கப்பட்ட பிறகும் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரர் பெயர் குறிப்பிடாமல் கேட்டிருக்கிறார். செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றை 11 ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்க, சாவிக்கொத்து இவரிடம் இருந்தது. அந்த ஆண்டுகளில் சாமான் அறையிலிருந்து பித்தளை அண்டாக்கள், எனாமல் பாத்திரங்கள், மரவைகள், கடைசியில் சில வெள்ளிப் பொருள்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பழம்பொருள் வியாபாரிகளிடம் விற்றிருக்கிறார். மகளின் கல்யாணம் அந்தப் பணத்தில் நடந்தது. நம்பிச் சாவியைக் கொடுத்த ஆச்சி இறந்து 7 ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு மூன்று இறை இரக்க ஞாயிறுகளில் (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு) ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்கு, போய் இதே பாவத்தைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் குரு மன்னிப்பு வழங்கினார். முடிந்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் சொன்னார். இவர் சரி என்று தலையாட்டினார், கொடுக்கவில்லை. திருப்பலியில் நன்மை (நற்கருணை) வாங்குவதையும் நிறுத்திவிட்டார். மன்னித்தது உண்மையென்றால் எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், திருப்பிக் கொடுத்தால்தான் மன்னிப்பு என்றால் அது என்ன இரக்கம் என்பது அவர் கேள்வி. கடைசியில் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறார். பெயர் வெட்டிய ஒரு வெள்ளிக் கிண்ணத்தை மட்டும் விற்க மனம் வராமல் பரணில் வைத்திருக்கிறார். மகளுக்கு 6 ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. இது என் பாவத்தின் சம்பளமா என்று கேட்கிறார்.

சகோதரரே, நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டது போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: மன்னிப்பு கிடைத்த பிறகும் இந்தப் பாரம் ஏன் இறங்கவில்லை? அதற்குத்தான் பதில் எழுதப் பார்க்கிறேன். நான் கத்தோலிக்கக் குரு. 31 ஆண்டுகளாக, பெரும்பாலும் நம் சிவகங்கைச் சீமையின் பங்குகளில் பணி செய்திருக்கிறேன். தவக்காலத்தின் கடைசி வாரங்களில் இரவு வெகுநேரம் வரை ஒப்புரவு இருக்கையில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கம். அங்கே கேட்ட ஒரு சொல்லையும் இங்கே எழுத மாட்டேன். திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 983ஆம் சட்டம் அதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிப்பதில்லை. ஆகவே நான் சொல்லும் உதாரணங்கள் விவிலியத்திலிருந்தும் வரலாற்றிலிருந்தும் என் சொந்த வீட்டிலிருந்தும் வருபவை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்தின் வழியாக யாருக்கும் பாவமன்னிப்பு வழங்க முடியாது. உங்கள் மனச்சான்றின் உள்ளே நடந்ததை நான் இங்கிருந்து அளக்கவும் முடியாது. திருச்சபை உறுதியாகச் சொல்வதை உறுதியாகவும், சூழ்நிலையைப் பொறுத்ததை அப்படியே தயக்கத்தோடும் சொல்கிறேன்.

உங்கள் மகளைப் பற்றியதை முதலில் பேசுவோம். அதைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை. இல்லை. அது உங்கள் பாவத்தின் தண்டனை இல்லை. இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. தந்தையின் குற்றத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் விசாரிப்பவர் என்று விடுதலைப் பயண நூலில் ஒரு வரி இருப்பது உண்மைதான். யாரோ அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அல்லது நீங்களே படித்திருக்க வேண்டும். ஆனால் அதே விவிலியத்தில், இஸ்ரயேல் மக்கள் பாபிலோனில் நாடிழந்து கிடந்தபோது எசேக்கியேல் இறைவாக்கினர் எழுந்து நின்று, பெற்றோர் புளித்த திராட்சை தின்றால் பிள்ளைகளின் பல் கூசும் என்ற பழமொழியை இனி யாரும் சொல்லக் கூடாது என்கிறார். பாவம் செய்தவரே பொறுப்பு, பிள்ளை தந்தையின் குற்றத்தைச் சுமக்காது என்கிறது அந்த 18ஆம் அதிகாரம். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, இவர் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவருமில்லை, பெற்றோருமில்லை என்று இயேசு அந்த இடத்திலேயே மறுக்கிறார். உங்கள் மகளையும் மருமகனையும் நல்ல மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர்களுக்காகச் செபியுங்கள். இந்தக் கணக்கை அவர்கள் பெயரில் எழுதாதீர்கள்.

இனி மன்னிப்பு. உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, எவருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று சொன்னது யோவான் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. குரு கையை நீட்டி இரக்கமிகு தந்தையாகிய இறைவனின் பெயரைச் சொல்லி, நான் உம் பாவங்களை மன்னிக்கிறேன் என்னும்போது, அது குருவின் தனிப்பட்ட கருத்தோ ஆறுதல் வார்த்தையோ ஆகாது. கிறிஸ்துவே செய்யும் செயல் என்பது எங்கள் விசுவாசம். மனம் வருந்தி, பாவத்தை மறைக்காமல் சொல்லி, இனிச் செய்வதில்லை என்ற உறுதியோடு வந்தவருக்கு அது நடந்துவிட்டது. அவர் அழுதாரா, மனம் லேசானதா, வெளியே வந்தபோது காற்று குளிர்ந்து வீசியதா என்பதை வைத்து அது கூடுவதோ குறைவதோ இல்லை. நீங்கள் மன்னிப்பை ஓர் உணர்வாகத் தேடுகிறீர்கள் என்று படுகிறது. உணர்வு பின்னால் வரலாம்; வராமலும் இருக்கலாம்.

ஆனால் உங்கள் மனம் முழுக்கப் பொய் சொல்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குள் இரண்டு குரல்கள் சேர்ந்து ஒலிக்கின்றன, நீங்கள் அவற்றை ஒன்றாகக் கேட்கிறீர்கள். ஒன்று, கடவுள் உன்னை மன்னிக்கவில்லை என்கிறது. அது பொய். மற்றொன்று, அந்த வீட்டுச் சாமான் இன்னும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்கிறது. அது உண்மை. முதல் குரலை அடக்குவதற்காக மூன்று ஆண்டுகளாக ஒப்புரவுக்குப் போகிறீர்கள். அடங்கவில்லை, ஏனென்றால் விடாமல் பேசிக்கொண்டிருப்பது இரண்டாவது குரல்.

இதைப் புரிந்துகொள்ள நம் தமிழ்ச் சொல் ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. நம் ஆலயங்களில் தினமும் சொல்லும் கர்த்தர் கற்பித்த செபத்தில், எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்கிறோம். மன்னியும் என்று சொல்லவில்லை, பொறுத்தருளும் என்கிறோம். பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். தன்னை வெட்டுபவனையே தாங்கிக்கொள்ளும் நிலத்தைச் சொல்லி வள்ளுவர் பொறையுடைமையைத் தொடங்குவதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். விந்தை என்னவென்றால், பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியிலும் பாவத்தை மன்னிப்பதற்கு அதிகம் வரும் சொற்களில் ஒன்று நஸா. அதற்கும் தூக்குதல், சுமத்தல் என்றுதான் பொருள். சீனாய் மலையில் ஆண்டவர் மோசேக்குத் தம்மைப் பற்றிச் சொல்லும் இடத்தில், இரக்கமும் பரிவும் உள்ளவர், சினம் கொள்ளத் தயங்குபவர் என்ற வரிகளை அடுத்து இந்தச் சொல்தான் வருகிறது: குற்றத்தைச் சுமப்பவர். மன்னிப்பில் பாரம் ஆவியாகிப் போவதில்லை. தோள் மாறுகிறது. சிலுவைப்பாதையின் ஒவ்வொரு தலத்திலும் முழந்தாளிட்டு, எங்கள்பேரில் தயவாயிரும் சுவாமி என்று நாம் பாடும்போது எதிரே படத்தில் ஒருவர் சுமந்துகொண்டு நடக்கிறார், பாருங்கள்.

என் தந்தை மானாவாரி நிலம் வைத்திருந்தவர். கண்மாய் நிரம்பாத ஓர் ஆண்டில் விதை நெல்லுக்கு வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் தேவகோட்டையில் கடன் கொடுத்த பெரியவர் வீட்டு முகப்பில் போய் நின்றார். எனக்கு அப்போது 9 வயது; கூடப் போயிருந்தேன். அவர் பேரேட்டைப் பார்த்தார், என் தந்தையின் முகத்தைப் பார்த்தார், பொறுத்துக்கொள்கிறேன் போங்கள் என்றார். அந்த ஆண்டு அந்தத் தொகை இல்லாமல் அவர் வீட்டுக் கணக்கு எப்படி நேரானது என்று எனக்குத் தெரியாது. யாரோ அதைத் தாங்கியிருப்பார்கள். என் தந்தை பிறகு நான்கு அறுவடைகளில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடித்தார். யாரும் கேட்டு வரவில்லை. கொடுக்கப் போகும் நாள்களில் அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போவார். கடன்காரன் போகும் நடையாக அது இருந்ததில்லை. பொறுத்துக்கொள்ளப்பட்ட மனிதனின் நடை வேறு என்பதை நான் இறையியல் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே பார்த்துவிட்டேன்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தின் ஊதாரி மகனை நீங்கள் எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு சிறு இடத்தைக் கவனியுங்கள். பன்றித் தொழுவத்தில் உட்கார்ந்து அவன் மூன்று வாக்கியங்களைத் தயார் செய்கிறான்: உமக்கு எதிராகப் பாவம் செய்தேன், உம் மகன் எனப்படத் தகுதியற்றவன், என்னை உம் கூலியாள்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து தந்தையின் முன்னால் பேசும்போது முதல் இரண்டும் வெளியே வருகின்றன. மூன்றாவது வாக்கியம் வருவதில்லை. அதற்குள் தந்தை பணியாளரைக் கூப்பிட்டு ஆடை கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கூலியாளாக இருந்து உழைத்துக் கழித்துவிடலாம் என்ற கணக்கை அவன் சொல்லக்கூட விடவில்லை. சம்பளத்துக்கு ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்ட உங்களுக்கு இந்த இடம் மற்றவர்களைவிட நன்றாகப் புரியும் என்று நினைக்கிறேன். கடவுள் முன்னால் நீங்கள் இனி ஆயுளுக்கும் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளப்படும் வேலையாள் இல்லை.

அப்படியானால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்றால், நான்கு அதிகாரம் தள்ளி அதே லூக்கா பதில் வைத்திருக்கிறார். எரிகோவில் வரி தண்டுவோர் தலைவரான சக்கேயு, மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். இயேசு நிமிர்ந்து பார்த்து, விரைவாய் இறங்கி வாரும், இன்று உமது வீட்டில் நான் தங்க வேண்டும் என்கிறார். அந்த நேரத்தில் சக்கேயு ஒரு காசும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. கொடுப்பேன் என்று சொல்லவுமில்லை. ஊரார் முணுமுணுக்கிறார்கள். அதற்குப் பிறகுதான், தன் வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்ட மகிழ்ச்சியில் எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், எவரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறார். உங்கள் கேள்வி முழுவதும் இந்த வரிசையில்தான் சிக்கியிருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் இரக்கம் கிடைக்கும் என்று அவருக்கு யாரும் விலை சொல்லவில்லை. இரக்கம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு, அடுத்தவர் பொருள் அந்த வீட்டில் இருப்பதை அவராலேயே தாங்க முடியவில்லை.

ஆகவே, திருடிய பொருளை உரியவரிடம் சேர்ப்பது கடமை என்பது உறுதியான போதனை; குருவுக்குக் குரு மாறும் கருத்தில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2412ஆம் எண்ணில் சக்கேயுவைக் காட்டியே இதைச் சொல்கிறது. புனித அகுஸ்தீன் மாசெதோனியுஸ் என்ற அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், எடுத்ததைத் திருப்பித் தர முடிந்தும் தராதவன் மனம் வருந்துவதுபோல் நடிக்கிறான் என்ற பொருளில் கடுமையாக எழுதினார். ஆனால் திருப்பித் தர முடியுமானால் என்ற நிபந்தனையை அவரே அங்கே வைக்கிறார். முடியாதவனை அவர் அடிக்கவில்லை.

இங்கே உங்களைத் தடுத்து நிறுத்துவது பணம் மட்டும் இல்லை என்று ஊகிக்கிறேன். வெளியே தெரிந்தால் மகளின் புகுந்த வீட்டில் என்ன ஆகும் என்ற பயம். அது நியாயமான பயம். ஒருவரின் மனமாற்றத்துக்கு வேறொருவர் விலை கொடுக்க நேர்வதை நம் மண்ணின் வரலாறே அறியும். மறவ நாட்டுச் சிற்றரசர் தடியத்தேவர் நோயிலிருந்து குணமடைந்து திருமுழுக்குக் கேட்டபோது, மறைபரப்பு வந்த குருவான புனித அருளானந்தர் ஒரே மனைவியோடு வாழும்படி கேட்டார். அவரும் மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவினர். அவர் முறையிட்டதிலிருந்து தொடங்கியதுதான் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டதில் போய் முடிந்தது. ஓரியூர்ச் செம்மண்ணைப் பக்தியோடு கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும், அந்தப் புனிதருக்காக நன்றி சொல்லிவிட்டு, பெயர் நம்மில் பலருக்குத் தெரியாத அந்தப் பெண்களுக்காகவும் நான் ஒரு செபம் சொல்வதுண்டு. அவர்கள் எந்தப் பாவமும் செய்யாமல் வீடிழந்தவர்கள்.

ஆகவே கேளுங்கள்: திருப்பிக் கொடுக்க நீங்கள் கட்டுப்பட்டவர், ஊரறிய உங்களைக் காட்டிக்கொடுக்கக் கட்டுப்பட்டவர் இல்லை. மறைவாகத் திருப்பிக் கொடுப்பதைத் திருச்சபையின் ஒழுக்க இறையியல் நெடுங்காலமாக ஏற்றுவருகிறது. குரு ஒருவர் வழியாகவே பெயர் சொல்லாமல் அனுப்பலாம்; அவர் யார் கொடுத்தார் என்பதைச் சொல்ல மாட்டார். சட்டம் என் துறை இல்லை; அதில் கவலை இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதிலும் குழப்பம் வேண்டாம். ஆச்சி இறந்துவிட்டதால் கடன் இறந்துவிடவில்லை. அவருடைய பிள்ளைகளுக்கு அது உரியது. புனித தாமஸ் அக்குவினாஸ் இறந்தவரின் வாரிசுக்குக் கொடுக்க வேண்டும் என்றும், யாருக்கு உரியது என்றே அறிய முடியாத நிலையில் அவருடைய ஆன்ம நலனுக்காக ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். இதற்கும் முந்தையது எண்ணிக்கை நூலின் 5ஆம் அதிகாரம். தானாக அறிக்கையிட்டவர் முழு முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கட்டும், வாங்கிக்கொள்ள உறவினரே இல்லையென்றால் அது ஆண்டவருக்குச் சேரட்டும் என்கிறது. அந்த ஐந்தில் ஒரு பங்கு இன்று நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை. உங்கள் விஷயத்தில் வாரிசுகள் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களைத் தாண்டி உண்டியலில் போட்டுவிட்டு மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்வது சரியாகாது.

எவ்வளவு என்பதுதான் கடினம், இங்கே நான் உறுதியாகப் பேச முடியாது. பொது நெறி, உரியவர் இழந்ததே அளவு. எடுத்தவர் பெற்றது அளவில்லை. நீங்கள் பித்தளையை எடைக்குப் போட்டிருப்பீர்கள். அதே அண்டா பழம்பொருள் கடையில் மெருகேறி வேறு விலைக்கு நின்றிருக்கும். அந்த வீட்டாருக்கோ அது பாட்டி கல்யாணச் சீரில் வந்தது. அதற்கு எந்த விலையும் போட முடியாது. இத்தனைக்கும் நடுவே ஒரு நியாயமான தொகையை நீங்களும் ஒரு குருவும் உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு நல்ல குருக்கள் இரண்டு தொகை சொல்லக்கூடும். உங்கள் குடும்பம் பட்டினி கிடக்கும்படி கொடுக்க வேண்டியதில்லை. மொத்தமாக முடியாவிட்டால் மாதந்தோறும். அதுவும் முடியாத காலம் வந்தால், முடியும்போது கொடுப்பேன் என்ற மனம் போதும், அது உண்மையான மனமாக இருக்கும்வரை. இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட குற்றவாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கைகள் மரத்தில் அறையப்பட்டிருந்தன. எதையும் யாருக்கும் திருப்பிக் கொடுக்க அவரால் முடியாது. பேரின்ப வீடு அவருக்கு அன்றே வாக்களிக்கப்பட்டது. உங்கள் கைகளோ கட்டப்படாமல் இருக்கின்றன, சகோதரரே.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது, கேட்டிருக்க வேண்டியது. தலையாட்டிவிட்டுக் கொடுக்காமல் இருந்தேனே, அப்படியென்றால் அந்த மன்னிப்புச் செல்லாதா? அன்று அந்த இருக்கையின் முன்னால் முழந்தாளிட்டிருந்தபோது, கொடுக்கத்தான் வேண்டும், கொடுப்பேன் என்று உண்மையாக நினைத்திருந்தால், பின்னால் வந்த பயமும் சோம்பலும் அந்த மன்னிப்பைப் பின்னோக்கிப் போய் அழிப்பதில்லை. தள்ளிப்போட்டது தனிக் குற்றம். அதைத் தனியாகச் சொல்லுங்கள். மாறாக, ஒரு காசும் கொடுப்பதில்லை என்று உள்ளுக்குள் முடிவு கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சரி என்றிருந்தால், மனம் திரும்புதலில் முக்கியமான ஒரு பகுதியே அங்கே இல்லை. எது நடந்தது என்பது உங்களுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். பாதி அது, பாதி இது என்று இருந்திருந்தாலும் வியப்பில்லை. மனித மனம் பெரும்பாலும் அப்படித்தான். அதையும் அப்படியே சொல்லலாம்.

இறை இரக்க ஞாயிறு எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். போலந்து நாட்டுத் துறவி ஃபவுஸ்தீனா கோவால்ஸ்கா 1931 பிப்ரவரி 22 அன்று கண்ட காட்சியிலிருந்து வந்ததுதான், இரு கதிர்கள் வீசும் அந்த இயேசுவின் படம். 33 வயதில், 1938இல் அவர் இறந்தார். இந்தப் பக்தியைப் பரப்புவதற்கு 1959இல் உரோமையே தடை விதித்து, 1978இல் அதை நீக்கியது. 2000 ஏப்ரல் 30 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, உயிர்ப்புக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு இறை இரக்க ஞாயிறாக உலகத் திருச்சபைக்கு அறிவிக்கப்பட்டது. 2002இல் அந்த நாளுக்குப் பரிபூரணப் பலனும் வழங்கப்பட்டது. ஃபவுஸ்தீனாவின் காட்சிகள் தனி வெளிப்பாடுகள். அவை விசுவாசத்துக்குத் துணை, விசுவாசத்தின் அடித்தளம் இல்லை. நான் அந்தப் பக்தியை நேசிக்கிறேன். மாலை மூன்று மணிக்கு அந்தப் பக்தியின் இறை இரக்கச் செபமாலையை எத்தனையோ நோயாளிகளின் கட்டிலருகே சொல்லியிருக்கிறேன். ஆனால் சாதாரண வியாழக்கிழமை ஒப்புரவில் கிடைக்காத மன்னிப்பு எதுவும் அந்த ஞாயிறன்று தனியாகக் கிடைப்பதில்லை. பரிபூரணப் பலன் என்பது ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு எஞ்சிய தண்டனையைப் பற்றியது. அடுத்த வீட்டாரின் வெள்ளியை அது உங்களுக்குச் சொந்தமாக்கித் தருவதில்லை. அந்தச் செபமாலை எங்கள்மீதும் உலகம் முழுவதன்மீதும் இரக்கம் கேட்கிறது என்பதையும் நினையுங்கள். உலகம் முழுவதிலும் அந்த ஆச்சியும் இருக்கிறார்.

ஒரே பாவத்தை ஆண்டுதோறும் சொல்வதை நிறுத்துங்கள். இதை ஒரு குருவாகக் கேட்டுக்கொள்கிறேன். அருளானந்தர் சேர்ந்திருந்த இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரே 1522இல் மன்ரேசாவில் இந்தச் சுழலில் சிக்கினார். எழுதி வைத்துச் சொன்னார், மறுபடி சொன்னார், எதையோ விட்டுவிட்டோம் என்று திரும்பத் திரும்பப் போனார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை அது அவரைத் தள்ளியது. இனிப் பழைய பாவங்களை ஒப்புரவில் சொல்வதில்லை என்று ஒருநாள் முடிவெடுத்த பிறகுதான் அவர் அதிலிருந்து வெளியே வந்தார். ஒருமுறை மன்னிக்கப்பட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்பது தாழ்ச்சி போலத் தோன்றும். உள்ளே அது, நீர் சொன்னதை நான் நம்பவில்லை என்று கடவுளிடம் சொல்வதற்கு வெகு பக்கத்தில் இருக்கிறது.

நன்மை வாங்குவதை விட்டது என்னை மிகவும் வருத்தியது. அடுத்த ஒப்புரவை முடித்த பிறகு, கடைசி ரூபாய் கொடுத்து முடிக்கும்வரை காத்திருக்காமல் போய் வாங்குங்கள். வரிசையில் நிற்பதற்குமுன் எல்லோரும் சேர்ந்து என்ன சொல்கிறோம்? ஆண்டவரே, நீர் எனது இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன். பீடத்தில் நிற்கும் நானும் அதையேதான் சொல்கிறேன். ஆயர் வந்தால் அவரும் சொல்கிறார். தகுதியானவர்களின் வரிசை என்று ஒன்று நம் ஆலயத்தில் கிடையாது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய பாஸ்கா இரவில், மெழுகுதிரியின் வெளிச்சத்தில் மட்டும் பாஸ்கா புகழுரையைப் பாடும்போது ஆதாமின் பாவத்தையே பாக்கியமான குற்றம் என்று திருச்சபை துணிந்து பாடுகிறது, அவ்வளவு பெரிய மீட்பரைப் பெற்றுத் தந்ததால். அந்த வரியை நான் இதுவரை குரல் தடுமாறாமல் பாடியதில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். நினைவிலிருக்கும் வரை என்னென்ன எடுத்தீர்கள், ஏறக்குறைய எந்த ஆண்டு, எவ்வளவுக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். சரியாக நினைவு வராததற்காக அலட்டிக்கொள்ள வேண்டாம். பங்குக் குருவிடம் போகக் கூச்சமாக இருந்தால் ஓரியூருக்கோ இடைக்காட்டூர்த் திருஇருதய ஆலயத்துக்கோ போங்கள். வெளியூர்க்காரர்கள் வந்து போகும் திருத்தலங்களில் உங்களை யாரும் அடையாளம் காணப் போவதில்லை. தள்ளிப்போட்டதைச் சொல்லுங்கள். அதன் பிறகு, ஒப்புரவுக்கு வெளியே, அதே குருவிடம் அந்தத் தாளைக் காட்டி யோசனை கேளுங்கள். அடுத்த இறை இரக்க ஞாயிறுவரை இதைக் கொண்டுபோக வேண்டாம். இந்தச் சனிக்கிழமை போதும். அதற்குமுன் பரணிலிருக்கும் அந்தக் கிண்ணத்தை இறக்கி, வெள்ளி கறுத்திருந்தால் திருநீறு போட்டுத் துலக்கி, துணியில் சுற்றி வையுங்கள். அதற்கு விலை பேச வேண்டியதில்லை, யாருடையது என்று தேடவும் வேண்டியதில்லை. பெயர் அதிலேயே இருக்கிறது. முதலில் அது போகட்டும்.